மூன்றாம் ஓலையும் முதல் குரூப்பும்

என் கல்யாணம் நடக்குமா நடக்காதா என்பது ஒரு காலத்தில் இரண்டு திருகாணிகளைப் பொறுத்திருந்தது. மிகைப்படுத்திச் சொல்லவில்லை. அந்தத் திருகாணிகளை இன்றைக்கும் கண்ணை மூடிக்கொண்டு அடையாளம் காட்டுவேன். தூத்துக்குடியை ஒட்டி இருந்த துணைமின் நிலையத்தில், ஒரு சாம்பல் நிற பேனலின் பின்பக்கம், இடுப்பு உயரத்தில் இருந்தன. அவற்றை இணைத்துச் சுண்டுவிரல் நீளத்தில் ஒரு பித்தளைத் தகடு. அதை லிங்க் என்போம்.

எழுபதுகளின் நடுவில் நான் ரிலே பிரிவில் உதவிப் பொறியாளர். ரிலே என்றால் என்ன என்று கேட்டவர்களுக்கெல்லாம், அது மின்சாரத்துக்குப் போட்டிருக்கும் காவல்காரன் என்று சொல்லி வந்தேன். கம்பியில் ஏதாவது கோளாறு என்றால் முதலில் அதற்குத்தான் தெரியும். தெரிந்ததும் யாரையும் கேட்காமல் சுவிட்சைத் தட்டிவிடும். எங்கள் ஊர்ப் பக்கம் நாலு பேரைக் கேட்காமல் ஒரு காரியம் செய்கிற ஒரே ஜீவன் அதுதான் என்பதால் எனக்கு அதன்மேல் தனி மரியாதை உண்டு.

இப்போது ரிலே ஒரு கறுப்புப் பெட்டியாகிவிட்டது. அது எப்போது என்ன யோசிக்க வேண்டும் என்று கம்ப்யூட்டரில் தட்டி உள்ளே அனுப்பிவிடுகிறார்கள். எங்கள் நாளில் புரோகிராம் என்றால் கம்பி. 'இதுவும் வேண்டும், அதுவும் வேண்டும்' என்று ரிலேவுக்குப் புரிய வைக்க, இரண்டு காண்டாக்டுகளை, அதாவது தொடுமுனைகளை, ஒன்றன்பின் ஒன்றாகக் கோத்துவிட வேண்டும். அது சீரிஸ். 'இரண்டில் எது வந்தாலும் போதும்' என்றால் பக்கத்துப் பக்கத்தில் போட வேண்டும். அது பேரலல். உலகத்து நியாயமெல்லாம் இந்த இரண்டுக்குள் அடங்கிவிடும் என்று இருபத்தாறு வயதில் நம்பினேன். அந்த வயதில் நம்புவதற்கு அதைவிட மோசமான விஷயங்களும் இருக்கின்றன.

அப்போது மாநிலம் முழுக்கக் கரண்டுப் பஞ்சம். ஊர் கேட்கிற கரண்டு கூடி, மின் நிலையங்கள் கொடுக்கிறது குறைந்துபோனால், அங்கே சுழல்கிற இயந்திரங்கள் மெல்லத் தளரும். நொடிக்கு ஐம்பது அலை இருக்க வேண்டிய ஃப்ரீக்வன்ஸி இறங்கும். பாரவண்டியை மேட்டில் இழுக்கிற மாடு நடை தளர்கிற மாதிரிதான். நாலு மூட்டையை இறக்கிவிட்டால் மாடு பிழைக்கும், வண்டியும் மேலே ஏறும். இறக்காவிட்டால் மாடும் விழும், அத்தனை மூட்டையும் விழும். ஆகவே ஃப்ரீக்வன்ஸி விழ ஆரம்பித்ததும் சில லைன்களைத் தானாகவே வெட்டிவிடுகிற ரிலேக்களை வைக்கச் சொல்லி உத்தரவு வந்தது. முதலில் வெட்டுவது முதல் குரூப். அது போதாவிட்டால் இரண்டாவது. அதுவும் போதாவிட்டால் மூன்றாவது.

எந்த மூட்டையை முதலில் இறக்குவது என்பதுதான் கேள்வி. அதை எழுதுகிற வேலையை எங்கள் டிவிஷனல் இன்ஜினியர் என் தலையில் கட்டினார். நாசரேத்துக்காரர். சிரிக்காமல் கிண்டல் செய்வார்.

"இந்த ஊர்ல ஒமக்குச் சொந்தக்காரன் எவனும் கெடையாதுல்லா? அப்ப நீரே எழுதும்வே" என்றார்.

விஷயம் கசிந்ததும் ஆள் வரத் தொடங்கியது. சினிமாக் கொட்டகைக்காரர் வந்து, படம் நடுவில் நின்றால் ஜனங்கள் நாற்காலியை உடைப்பார்கள் என்றார். உப்பளத்துக்காரர் வந்து, பம்பு நின்றால் நாடே உப்பில்லாமல் சாப்பிட நேரும் என்றார். குலசேகரன்பட்டினத்திலிருந்து ஒரு கடைக்காரர் பஸ் ஏறி வந்தார். அவர் ஊருக்கு எங்களிடமிருந்து லைனே போகவில்லை. அது தெரியாமல், தசராவுக்கு மட்டும் தயவு பண்ணும்படி கேட்டுக்கொண்டு, தயவு பண்ணுவதாக நான் சொன்னதும் திருப்தியாகத் திரும்பிப் போனார். வந்தவர் எல்லாருமே திட்டம் ரொம்ப அவசியமானது என்று ஒப்புக்கொண்டார்கள். பக்கத்து லைனில் தொடங்கினால் இன்னும் நன்றாக இருக்கும் என்றுதான் அபிப்பிராயப்பட்டார்கள்.

நான் ஒரே ஒரு விதியை வைத்துக்கொண்டேன். யாரால் காத்திருக்க முடியுமோ அவர்கள் முதலில். ஆஸ்பத்திரி லைன் எந்தக் குரூப்பிலும் கிடையாது. குடிதண்ணீர் ஏற்றும் பம்பு இரண்டாவது. முதல் குரூப்பில் யாரை வைப்பது என்று ஊரைச் சுற்றி யோசித்தபோது ஐஸ் பேக்டரி லைன் கண்ணில் பட்டது. ஐஸ் பேக்டரியில் கட்டிகளைச் சுற்றித் தொட்டி நிறைய உப்புத்தண்ணீர் நிற்கும். பூஜ்யத்துக்கும் கீழே குளிர்ந்த தண்ணீர். மிஷின் அரைமணி நேரம் நின்றால் அந்தத் தொட்டிக்குத் தெரியக்கூடத் தெரியாது. ஊரிலேயே பொறுமைசாலி அந்த லைன்தான். லிங்கை முதல் குரூப்பில் முடுக்கினேன். ஒரு ரிலே தப்பாக உளறி ஊரை இருட்டாக்கிவிடக் கூடாது என்று இரண்டு ஃப்ரீக்வன்ஸி ரிலேக்களை சீரிஸில் போட்டேன். இரண்டு பேரும் ஒத்துச் சொன்னால்தான் வெட்டும். என் மனத்துக்கு அது ஒரு அழகான வேலையாகப் பட்டது. மத்தியானம் சாப்பிடப் போகிறபோதுகூட ஒருமுறை பின்பக்கம் போய்ப் பார்த்துவிட்டுத்தான் போவேன்.

திட்டம் இயங்கத் தொடங்கும் முன்பே, சாத்தான்குளம் பக்கத்தில் தலைமையாசிரியராக இருந்த என் அப்பா எனக்குப் பெண் பார்த்துவிட்டார். தூத்துக்குடியில் பெண்கள் பள்ளிக்கூடத்தில் சயன்ஸ் டீச்சர். வீடு மில்லர்புரம். நல்ல குடும்பம். பெண்ணின் அப்பா, அப்பா எழுதிய வார்த்தையிலேயே சொன்னால், 'ஐஸ் வியாபாரத்தில் கண்ணியமானவர்.'

ஊரில் ஐஸ் பேக்டரி ஒன்றல்ல என்று என்னைத் தேற்றிக்கொண்டு விசாரித்தேன். அந்தப் பேக்டரியேதான். போதாததற்கு, மில்லர்புரத்து வீடு ஆஸ்பத்திரி லைனில் இருந்தது. அதாவது என் வருங்கால மாமனாரின் பிழைப்பு ஊரில் எல்லாருக்கும் முன்னால் அணையும். அவர் மகளின் தலைக்கு மேல் ஓடுகிற ஃபேன் மட்டும் எந்தக் காலத்திலும் அணையாது. மாப்பிள்ளை வேலை பார்க்கிற அழகைப் பார் என்று அலுவலகத்தில் ஒருவர் விடாமல் சொல்லிக் காட்டினார்கள். டிவிஷனல் இன்ஜினியர் மட்டும் அதை நேராகச் சொல்லாமல், என்னைப் பார்க்கும்போதெல்லாம் கைக்குட்டையால் கழுத்தைத் துடைத்துக்கொண்டு, "என்ன புழுக்கம்வே! மில்லர்புரத்துல இருக்கவங்க குடுத்து வச்சவங்க" என்பார்.

பெண்ணின் அப்பாவுக்குச் சம்மதம். என் அப்பாவுக்குச் சம்மதம். எனக்கு அளவுக்கு மீறிய சம்மதம். பெண் பார்க்கப் போன அன்று காப்பி கொண்டுவந்து வைத்தவள், டம்ளரைப் பார்க்காமல் என்னை நேராகப் பார்த்தாள். பரீட்சைத் தாள் திருத்துகிறவர்கள் அப்படிப் பார்ப்பார்கள். அதை நான் சம்மதம் என்று எடுத்துக்கொண்டேன்.

எங்கள் கிறிஸ்தவ சபையில் கல்யாணம் முடிவானால் கோயிலில் ஓலை வாசிப்பார்கள். தொடர்ந்து மூன்று ஞாயிறு ஆராதனையில், இன்னாருக்கும் இன்னாருக்கும் விவாகம் நிச்சயித்திருக்கிறது, யாருக்காவது ஆட்சேபணை இருந்தால் எழுந்து சொல்லலாம் என்று போதகர் கேட்பார். எங்கள் பக்கம் போதகரை ஐயர் என்றுதான் சொல்வோம். மூன்று முறை கேட்டும் யாரும் எழவில்லை என்றால் கல்யாணம் உறுதி. ரிலேக்காரன் கண்ணுக்கு அது அருமையான ஏற்பாடு. ஊர் முழுக்க ஆட்சேபணை காண்டாக்டுகள் பேரலலில் கிடக்கின்றன. எவர் ஒருவர் எழுந்தாலும் டிரிப், சுவிட்ச் விழுந்துவிடும். முதல் ஓலையன்று இதை நினைத்துப் பெஞ்சில் உட்கார்ந்து எனக்குள்ளேயே சிரித்துக்கொண்டேன்.

அந்த வாரம்தான் மாமனார் என்னைப் பேக்டரிக்கு அழைத்தார். திட்டமும் அந்த வாரம்தான் இயங்கத் தொடங்கியிருந்தது.

பேக்டரி கடற்கரைப் பக்கம் இருந்தது. வாசலில் மீன் படகுக்காரர்கள் ஐஸுக்கு நிற்பார்கள். கட்டிகள் சாக்கு சுற்றிச் சறுக்கிக்கொண்டு வரும். மாமனார் பருத்த உடம்பும் மெல்லிய குரலும் உள்ளவர். கம்ப்ரசர் ஓடுகிற சத்தத்தைக் கேட்டே அதன் உடல்நிலையைச் சொல்லிவிடுவார். எனக்குக் கலர் சோடா உடைத்துக் கொடுத்துவிட்டு, திடீரென்று தலையைச் சாய்த்தார்.

"கேட்டியளா மாப்பிள்ள? மூச்சு வாங்குது."

எனக்கும் கேட்டது. கம்ப்ரசரின் சத்தம் ஒரு படி இறங்கியிருந்தது. எங்கோ ஒரு மின் நிலையத்தில் ஏதோ ஒரு பெரிய மிஷின் படுத்துவிட்டது போல. ஃப்ரீக்வன்ஸி இறங்கிக்கொண்டிருந்தது. சோடாவைக் கையில் வைத்துக்கொண்டு மூச்சைப் பிடித்துக் காத்திருந்தேன். சத்தம் இன்னும் ஒரு படி இறங்கியது. பிறகு டப்பென்று எல்லாம் நின்றது. பேக்டரி முழுக்க அமைதி. கூரையிலிருந்து தண்ணீர் சொட்டுவது கேட்டது.

இந்த இடத்தில் புத்தியுள்ள மாப்பிள்ளை என்ன செய்வான்? அடடா என்று முகத்தைத் தொங்கப் போடுவான். எனக்கோ சிரிப்பு அடக்க முடியவில்லை. சீரிஸில் போட்ட இரண்டு ரிலேயும் ஒத்துப் பேசியிருக்கின்றன, முதல் குரூப் சரியாகப் போயிருக்கிறது, மற்ற ஊரில் விளக்கு எரிந்துகொண்டிருக்கிறது. எதிர்க்கடையில் பல்பு எரிவதை என் கண்ணாலேயே பார்த்தேன்.

"சூப்பரா வேல செய்யுது மாமா!" என்றேன்.

அவர் இருட்டில் நின்ற கம்ப்ரசரைப் பார்த்தார். என்னைப் பார்த்தார். "எது?"

சொன்னேன். உற்சாகமாக, வண்டி மாட்டு உதாரணத்தோடு, ஐஸ் வாங்க நின்ற அத்தனை பேர் முன்னாலும் சொன்னேன். அந்தக் கூட்டத்தில் கடலோரக் கத்தோலிக்கக் குடும்பத்துப் படகுக்காரர் ஒருவர் இருந்தார். மாமனாரின் பழைய வாடிக்கை. அவர் முன்னோர்கள் முத்துக் குளித்தவர்கள். குளிக்க இறங்குகிறவன் தன் கயிற்றை மைத்துனன் கையில்தான் கொடுப்பான் என்பது அந்தக் கரையில் எல்லாருக்கும் தெரிந்த வழக்கம். கூடப்பிறந்தவளின் தாலி அந்தக் கயிற்றில் தொங்குகிறது, அவன் கை தளராது என்ற நம்பிக்கை.

படகுக்காரர் சாவகாசமாகச் சொன்னார்: "எங்க ஆளுக கடல்ல எறங்குனா கயித்த மச்சான் கையில குடுப்பாவ அண்ணாச்சி. நீரு மாப்பிள்ள கையில குடுத்தேரு. வாங்குன ஒடனே உட்டுட்டாரே!"

வாசலில் இருந்த அத்தனை பேரும் சிரித்தார்கள். மாமனாரும் சிரிக்கப் பார்த்தார், முடியவில்லை. அந்த முகத்தைப் பார்த்தபோதுதான் என் சிரிப்பு நின்றது. ஆனாலும் வாய் நிற்கவில்லை. "அரைமணி நேரத்துல கரண்டு வந்துரும் மாமா. தொட்டியில ஒரு சொட்டு கரையாது. ஐஸ் காத்துக்கிடும்" என்றேன்.

அவர் மெல்லிய குரலில் சொன்னார். "எம் ஐஸு காத்துக்கிடும் மாப்பிள்ள. எம் மானம் காத்துக்கிடாது."

வாசல் வரை வந்து என்னை வழியனுப்பினார். அந்த மரியாதைக்குக் குறைவில்லை. சைக்கிளில் ஏறப் போகும்போது கைப்பிடியில் கையை வைத்துக்கொண்டு சொன்னார்: "அந்த லிங்கோ என்னமோ, அத மாத்திருங்க. மூணாம் ஓலைக்குள்ள. இல்லேன்னா ஆட்சேபண உண்டான்னு ஐயரு கேக்கயில நா எந்திரிச்சு நிப்பேன்."

இரண்டாம் ஓலை ஆபத்தில்லாமல் போனது. அவர் முன்வரிசையில் கையைக் கட்டிக்கொண்டு உட்கார்ந்திருந்தார். அடுத்த வாரத்துக்கு ஆயத்தமாகிறவர் போல ஒருமுறை நிமிர்ந்து வேறு உட்கார்ந்தார்.

டிவிஷனல் இன்ஜினியரிடம் போய் நின்றேன். முழுவதும் கேட்டுவிட்டு, "மாத்தணும்னா மாத்தும்வே. ரெண்டு ஸ்க்ரூதான? ஆனா எதுக்கு மாத்துனேருன்னு நாளைக்கு ஒருத்தன் கேட்டா, டெக்னிக்கல் ரீசன்னு சொல்லுவேரா, மேட்ரிமோனியல் ரீசன்னு சொல்லுவேரா?" என்றார். அவரால் ஆன உதவி அவ்வளவுதான்.

நான் மாற்றிவிடுவது என்று முடிவுசெய்தேன். நேர்மை வேண்டியதுதான். ஆனால் காப்பி டம்ளருக்கு மேலாக என்னைப் பார்த்த அந்தக் கண்கள் எனக்கு அதைவிட வேண்டியிருந்தன. மறுநாள் காலையில் ஸ்க்ரூட்ரைவரை எடுத்துச் சட்டைப் பையில் வைத்துக்கொண்டு பேனலுக்குப் பின்னால் போனேன். அப்போது வாசலில் ஒரு கூச்சல். எட்டிப் பார்த்தால், இரட்டைச் சடையும் ரிப்பனுமாக ஒரு வகுப்பே வந்து நிற்கிறது. முன்னால் குடையோடு அவள்.

பத்தாம் வகுப்புக்கு மின்சாரப் பாடம், நேரில் காட்டக் கூட்டிவந்திருக்கிறேன் என்றாள் டிவிஷனல் இன்ஜினியரிடம். அவர் சிரிக்காமல் என்னை நோக்கிக் கை காட்டினார். "எங்ககிட்ட நல்லா வெளக்கிச் சொல்லுறவரு இவருதான்."

பிள்ளைகளுக்கு யார் என்று தெரிந்துவிட்டது. அடக்க அடக்கச் சிரிப்பு பொங்கிக்கொண்டு வந்தது. நான் ரிலேயைத் திறந்து காட்டினேன். சீரிஸ், பேரலல் சொன்னேன். மூன்று குரூப்புகளையும் சொன்னேன். அவள் கவனமாகக் கேட்டுக்கொண்டிருந்துவிட்டு, வகுப்பில் பேசுகிற குரலில் கேட்டாள்.

"சார், யாராவது வந்து கேட்டா இத மாத்தலாமா?"

"மாத்தலாம். ஒரு நிமிஷ வேல" என்றேன். பையில் ஸ்க்ரூட்ரைவர் துருத்திக்கொண்டிருந்தது. அதை அவள் பார்த்துவிட்டாள்.

"ஐஸ் பேக்டரிய மொதல் குரூப்புலருந்து எடுத்தா, அந்த எடத்துக்கு யாரு வரணும்?"

"அடுத்தது குடிதண்ணி பம்பு."

பின்னால் நின்ற ஒரு பிள்ளை பட்டென்று சொன்னாள்: "ஐயோ டீச்சர், எங்க தெருவுல ரெண்டு நாளைக்கு ஒருக்கதான் தண்ணியே வருது."

பிள்ளைகள் மின்மாற்றியைப் பார்க்க வெளியே போனார்கள். அவள் குடையை விரிப்பது போல ஒரு நொடி பின்தங்கினாள்.

"எங்கப்பா ஒங்ககிட்ட என்ன கேட்டாருன்னு எனக்குத் தெரியும். நீங்க இத மாத்துனியன்னா, மூணாம் ஓலைக்கு எந்திரிக்கது அவரு இல்ல, நாந்தான்."

"மாத்தலேன்னா ஒங்கப்பா எந்திரிப்பாரே?" என்றேன், அழாத குறையாக.

"அது ஒங்க சர்க்யூட்டு. நீங்கதான் இன்ஜினியரு."

போய்விட்டாள். நான் ஸ்க்ரூட்ரைவரோடு நின்றேன். மாற்றினால் மகள் எழுவாள். மாற்றாவிட்டால் அப்பா எழுவார். எப்படிக் கம்பி இழுத்தாலும் டிரிப்தான். இப்படி ஒரு சர்க்யூட்டை யாராவது எனக்கு வரைந்து அனுப்பியிருந்தால் மூளையிருக்கிறதா என்று எழுதித் திருப்பி அனுப்பியிருப்பேன். அவள் சம்மதமும் சீரிஸில் இருக்கிறது, அதை வரைபடத்தில் நான் காட்டவே இல்லை என்பது அப்போதுதான் உறைத்தது. பயம் ஒரு பக்கம், அவள்மேல் ஆசை ஒரு பக்கம். ஆசை கொஞ்சம் கூடுதலாகத்தான் இருந்தது.

ஸ்க்ரூட்ரைவரை மேசைக்குள் போட்டுப் பூட்டினேன்.

மூன்றாம் ஞாயிறு கோயில் நிறைந்திருந்தது. சிலர் எங்கள் சபையே அல்ல. செய்தி எப்படியோ பரவியிருக்கிறது. சினிமாக் கொட்டகைக்காரரைக்கூடப் பின்வரிசையில் பார்த்தேன். காசு கொடுக்காமல் காட்சி பார்ப்பது அவருக்கும் புது அனுபவமாக இருந்திருக்கும். ஐயர் ஓலையை வாசித்தார். ஆட்சேபணை உண்டா என்று கேட்டார்.

மாமனார் எழுந்தார்.

கோயிலில் இருமல் கூட நின்றது. ஐயர் கண்ணாடியைக் கழற்றினார். அப்போது பெண்கள் பக்கத்தில் ஒரு சலசலப்பு. திரும்பிப் பார்த்தால், அவள் எழுந்து நிற்கிறாள்.

எனக்குத் தூக்கிவாரிப் போட்டது. நான் மாற்றவில்லையே! யாரோ மாற்றிவிட்டதாக இவளிடம் சொல்லியிருக்கிறார்கள்! என் கால் என்னைக் கேட்காமல் எழுந்தது. "நா மாத்தல!" என்று சொல்ல வாயைத் திறந்தேன், காற்றுதான் வந்தது. ஆக, அந்தக் கோயிலில் மூன்று பேர் நின்றுகொண்டிருந்தோம். ஐயர் ஒவ்வொருவராகப் பார்த்தார். மாப்பிள்ளையே எழுந்து நிற்கிற ஓலையை அவர் அதுவரை வாசித்திருக்க மாட்டார்.

மாமனார் மகளைப் பார்த்தார். அவள் அவரை மட்டுமே பார்த்துக்கொண்டிருந்தாள். எவ்வளவு நேரம் என்று எனக்குத் தெரியாது. எனக்கு வயதானது அந்த நேரத்தில்தான் என்று நினைக்கிறேன்.

"ஒண்ணுமில்ல ஐயரே" என்றார் கடைசியில். "இங்கன ஃபேனு ஓடல. அதான் சொல்லலாம்னு."

ஐயர் மேலே பார்த்தார். சபை முழுக்க மேலே பார்த்தது. மாமனார் தலைக்கு நேர் மேலே ஃபேன் நன்றாகச் சுற்றிக்கொண்டிருந்தது. அவர் உட்கார்ந்தார். அவள் உட்கார்ந்தாள். நான்தான் கடைசியாக உட்கார்ந்தேன், அதுவும் பக்கத்தில் இருந்தவர் சட்டையைப் பிடித்து இழுத்த பிறகு.

அன்று காலையில் கோயிலுக்குக் கிளம்பும்போதே அவள் அப்பாவிடம் சொல்லியிருக்கிறாள்: "நீங்க எந்திரிச்சா நானும் எந்திரிப்பேன். ஐஸுக்காக ஒரு நல்ல ஆள வேண்டாங்காருன்னு எல்லார் முன்னாலயும் சொல்லுவேன்." இது எனக்குக் கல்யாணத்துக்குப் பிறகுதான் தெரியும். இரண்டு பக்கமும் பூட்டைப் போட்டுவிட்டுச் சாவியைத் தன்னிடம் வைத்துக்கொண்டிருந்தாள். இன்டர்லாக் என்று நாங்கள் சொல்வது அதைத்தான். அவளுக்கு யாரும் சொல்லிக்கொடுத்ததில்லை.

கல்யாணம் உறுதியாயிற்று. ஆனால் மாமனார் என்னோடு பேசுவதை நிறுத்திவிட்டார். நான் எதிரே இருக்கும்போதே, "மாப்பிள்ளைக்கிட்ட சட்டை அளவு கேளுங்க" என்று சுவரைப் பார்த்துச் சொல்வார். நான் சுவரிடம் அளவைச் சொல்வேன். வாசலில் படகுக்காரர்கள் கயிற்றுக் கதையை இன்னும் விடவில்லை என்று கேள்விப்பட்டேன். அது எனக்கு வருத்தமாகவே இருந்தது. சரியானதைத்தான் செய்தேன் என்பது அந்த வருத்தத்தைக் குறைக்கவில்லை.

காலையில் கோயிலில் தாலி கட்டி, சாயங்காலம் மண்டபத்தில் விருந்து. கூட்டம் நிறைந்து, இலை போட்டு, ஆட்டுக்கறிக் குழம்பு மணத்துக்கொண்டிருந்தது. மூலையில் பெரிய பெரிய தொட்டிகளில் மாமனாரின் ஐஸ் கட்டிகள், அவற்றுக்கு நடுவே கலர் சோடாக்கள். சவுண்டு சர்வீஸ்காரர் ரிக்கார்டு போட்டுக்கொண்டிருந்தார். மாமனார் பந்தியில் என் பக்கத்து இலையில் உட்கார்ந்திருந்தார். முறைக்காக. அவருக்கு அந்தப் பக்கம் அதே படகுக்காரர்.

விளக்கு வைக்கிற நேரம் ஊருக்கே கரண்டு அதிகம் வேண்டிய நேரம். கறியைப் பிசைந்துகொண்டிருந்தேன். ரிக்கார்டில் பாடிக்கொண்டிருந்த பெண்ணின் குரல் லேசாக இறங்கியது. ஜலதோஷம் பிடித்த மாதிரி. யாரும் கவனிக்கவில்லை. ரிக்கார்டு பிளேயரின் மோட்டார் ஃப்ரீக்வன்ஸியைப் பின்தொடர்ந்து ஓடுகிறது, அது தளர்ந்தால் பாட்டும் தளரும். குரல் இன்னும் இறங்கியது. என் கை இலையில் நின்றுவிட்டது. இந்த மண்டபம் இரண்டாவது குரூப். முதல் குரூப் போதாவிட்டால் அடுத்து அணையப்போவது இத்தனை பேர் சாப்பிடுகிற இந்தப் பந்திதான்.

பக்கத்து இலையிலும் ஒரு கை நின்றிருந்தது. மாமனார் தலையைச் சாய்த்துக்கொண்டிருந்தார்.

பாட்டு தள்ளாடியது. பிறகு மெல்ல, படியேறுகிற மாதிரி, ஒவ்வொரு சுரமாக நிமிர்ந்து தன் இடத்துக்குப் போய்ச் சேர்ந்தது. ஒரு விளக்கும் அணையவில்லை. பரிமாறுகிறவர்கள் பரிமாறிக்கொண்டே இருந்தார்கள்.

மாமனார் சுவரைப் பார்க்கவில்லை. என்னைப் பார்த்தார்.

"போயிருச்சா?"

"போயிருச்சு மாமா."

பந்தி முழுவதையும் ஒருமுறை பார்த்தார். மேலே எரிகிற விளக்குகளைப் பார்த்தார். படகுக்காரர் இலையில் குனிந்து எலும்பை உறிஞ்சிக்கொண்டிருந்தார். மாமனார் அவர் முதுகில் தட்டி, "நல்லா சாப்பிடும்வே. எம் பேக்டரிய அணைச்சுத்தான் ஒமக்கு வெளக்கு எரியுது" என்றார். படகுக்காரர் ஒன்றும் புரியாமல் இன்னும் கொஞ்சம் கறி கேட்டார்.

பிறகு மாமனார் எழுந்தார். அத்தனை பெரிய உடம்பைத் தூக்கிக்கொண்டு, எச்சில் கையைப் பின்னால் வைத்துக்கொண்டு மூலைத் தொட்டிக்குப் போனார். இடது கையால் ஒரு ஐஸ் துண்டை உடைத்து எடுத்து வந்து என் டம்ளரில் போட்டார். அது அடியில் பட்டு மேலே வந்து மிதந்தது. வேர்க்க வேர்க்க நின்றுகொண்டு அதையே பார்த்தார்.

"குடிங்க மாப்பிள்ள" என்றார். "எம் ஐஸு காத்துக்கிடும்."

மீதிப் பாதியைச் சொல்வார் என்று நான் காத்திருந்தேன். அவர் உட்கார்ந்து, சோற்றில் குழம்பை ஊற்றச் சொன்னார்.